ஜன்னலுக்கு வெளியே ஒரு கை

ஜூலை 3

அன்புள்ள மாஸ்டருக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உடம்புக்குக் குறைவில்லை, பஸ்ஸில் குலுங்கி வந்த இடுப்பு மட்டும் இன்னும் என்னோடு பேச்சுவார்த்தையில் இல்லை. நீங்களும் நம் வாண்டும் எப்படி இருக்கிறீர்கள்? அவள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா, நீங்கள் சமைத்ததைச் சாப்பிட முடிகிறதா, இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதவும்.

விடுதி அறையில் மூன்று கட்டில், ஒரு ஜன்னல், ஒரே ஒரு ஆணி. அந்த ஆணியில் மூன்று பேருடைய டிராயிங் போர்டும் தொங்குகிறது. கூட இருக்கும் இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் முடித்த சூட்டோடு வந்தவர்கள். முதல் நாள் என்னை அக்கா என்றார்கள். மறுநாள் ஆன்ட்டி என்று சொல்லிப் பார்த்தார்கள். நான் பார்த்த பார்வையில் மறுபடியும் அக்காவாகிவிட்டேன். போன் வார்டன் அறையில் இருக்கிறது. நாம் பேசினால் அவர் காதைத் தீட்டிக்கொண்டு கணக்கு எழுதுவார் என்று சொல்கிறார்கள். அதனால் நமக்குக் கடிதம்தான்.

எங்கள் பயிற்சி ஆசிரியைக்கு ரப்பர் மேடம் என்று பெயர். முதல் வகுப்பிலேயே ஒரு டப்பாவை நீட்டி எல்லோருடைய ரப்பரையும் வாங்கிக்கொண்டார். "வருஷக் கடைசில திருப்பித் தரேன். அதுக்குள்ள உங்களுக்கே வேண்டாம்னு போயிடும்" என்றார். நான் ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றைப் பெட்டிக்குள் ஒளித்துவிட்டேன். அழிக்காமல் எப்படி வரைவது?

பாஸ் ஆக மூன்று விஷயம் வேண்டும். ஓவியத் தேர்வு, பரீட்சை அதிகாரி முன்னால் ஒரு வகுப்பு, பிறகு ஒரு ஆய்வு. ஆய்வு என்றால் ஒரே பிள்ளை வருஷம் முழுவதும் வரையும் படங்களைச் சேர்த்து, அது எப்படி வளர்கிறது என்று எழுதித் தர வேண்டும். எனக்குப் பிள்ளையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஏழு வயதில் நாள் முழுக்கச் சுவரையும் தரையையும் கிறுக்கும் ஒன்று என்னிடமே இருக்கிறது. மாதாமாதம் அவள் படங்களை அனுப்புங்கள். அவளாக வரைய வேண்டும்; நீங்கள் பக்கத்தில் நின்று யோசனை சொல்லக்கூடாது.

நான் கிளம்புவதற்கு முன்னால் ஒரு பஸ் படம் வரைந்தாளே, நான் ஜன்னலில் உட்கார்ந்திருப்பது போல, அதை எடுத்துவர மறந்துவிட்டேன். நல்ல படம். ஒரு கை மட்டும் தண்டவாளம் மாதிரி நீண்டுகொண்டே போனது. அந்த அவசரத்திலும் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அதையே முதல் படமாக வைக்கலாம், அனுப்புங்கள். பஸ் ஸ்டாண்டில் அவள் என் முகத்தையே பார்க்கவில்லை. கோபம் தணிந்ததா?

அவள் வயிற்றில் இருந்தபோது விட்ட படிப்பு இது. தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர் இடத்தை அடுத்த ஜூன் வரைதான் எனக்காக வைத்திருப்பார்கள். இந்த முறை விட்டால் மூன்றாவது முறை என்று ஒன்று எனக்கு இருக்காது. அதனால்தான் கல்லாக இருந்து பஸ் ஏறினேன்.

இருவருக்கும் என் அன்பு.
இப்படிக்கு, உங்கள் டீச்சரம்மா (இன்னும் ஆகவில்லை)

*

ஜூலை 16

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

இங்கு இருவரும் சுகம். உன் இடுப்பும் நீயும் சமாதானமாகியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். கேட்டதற்குப் பதில்: ஒன்று, நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். இரண்டு, அந்தக் கேள்வியை இனிமேல் கேட்காதே.

தையல் கடையில் பள்ளிக்கூடச் சீருடை வேலை குவிந்து கிடக்கிறது. பையன்கள் சட்டை ஒரு பக்கம், பெண் பிள்ளைகள் சட்டை ஒரு பக்கம், நடுவில் நான். வாண்டு பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்கு வந்து வெட்டுமேசைக்கு அடியில் உட்கார்ந்துகொள்கிறாள். மாடி வீட்டம்மா அவளுக்குத் தலைவாரி விடுகிறார். அந்தப் பின்னலைப் பார்த்தால் நீ என்னைக் கோபிப்பாய், அதனால் நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

பஸ் படத்தைத் தேடினேன், கைக்குக் கிடைக்கவில்லை. துணிக் குப்பையோடு போயிருக்குமோ என்னவோ. அதற்குப் பதிலாக வீட்டுப் படம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். வீடு, வாசலில் நாம் மூன்று பேர். உனக்கு இரண்டு வரி எழுதச் சொன்னேன், அப்புறம் எழுதுகிறேன் என்றாள். சின்னப் பிள்ளைதானே, கோபமெல்லாம் தானாகச் சரியாகும். நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாமல் படி.

இப்படிக்கு,
மாஸ்டர்

*

ஆகஸ்ட் 5

அன்புள்ள மாஸ்டருக்கு,

நலமாக இருக்கிறேன், ஆனால் மனசு கொதிக்கிறது. உங்கள் இருவர் உடம்பையும் முதலில் விசாரித்துவிட்டு அப்புறம் கொதிக்கிறேன். சளி இருமல் எதுவும் இல்லையே?

வீட்டுப் படம் வந்தது. கட்டிலுக்கு மேல் ஒட்டிவைத்திருக்கிறேன். கோடு நடுங்குகிறது, ஆனால் மூன்று பேரும் எவ்வளவு நிதானமாக நிற்கிறோம் பாருங்கள். நான் வந்த கொஞ்ச நாளிலேயே கை தேறிவிட்டது. மேடம் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அடுத்ததும் வரட்டும்" என்றார்.

இப்போது கொதிப்பு. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் வகுப்பு. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், தலைப்பு யானை. கரும்பலகையில் நான் வரைந்த யானையைப் பார்த்து வகுப்பே வாயைப் பிளந்தது. பெஞ்சு பெஞ்சாகப் போனேன். ஒரு பெண் குழந்தையின் யானைக்கு நாலு காலும் முன்பக்கமே கொத்தாகத் தொங்கியது. அழித்து, பின்னால் இரண்டைப் போட்டு நிற்க வைத்தேன். அது தாளைத் திரும்ப வாங்கி, முழங்கையால் மூடிக்கொண்டது. கடைசி பெஞ்சில் இருந்த மேடம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார்.

"பாடம் நல்லா இருந்துச்சு. போர்டுல வரைஞ்சது அதைவிட நல்லா இருந்துச்சு. ஆனா இந்த வகுப்ப நீங்க திரும்ப எடுக்கணும்."

"ஏன் மேடம்?"

"அந்தப் பிள்ளை தாள்ல உங்க பென்சில் பட்டுச்சு."

"கால் தப்பா இருந்துச்சு மேடம்."

"கால் அந்தப் பிள்ளையோடது."

அவ்வளவுதான், போய்விட்டார். ஒளித்து வைத்த ரப்பரையும் பிடுங்கிக்கொண்டார். தப்பைத் தப்பு என்று காட்டாவிட்டால் பிறகு ஆசிரியர் எதற்கு? உங்கள் கடையில் கற்றுக்கொள்பவன் கோணலாகத் தைத்தால் பிரிக்கச் சொல்லாமல் கொஞ்சுவீர்களா? நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

அடுத்த படங்கள் சீக்கிரம் வரட்டும்.
உங்கள் டீச்சரம்மா (ஒரு படி இறங்கியவள்)

*

செப்டம்பர் 9

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நாங்கள் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. சீருடை வேலை என்று சொன்னால் நம்புவாய். வேலை இருந்தது உண்மைதான்.

நியாயம் கேட்டாய். சட்டை கோணலாகத் தைத்தால் போடுகிறவனுக்கு அக்குளில் பிடிக்கும், அதனால் பிரிக்கச் சொல்கிறேன். யானையின் கால் கோணலாக இருந்தால் யாருக்கு எங்கே பிடிக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன், எனக்கு எதுவும் தோன்றவில்லை. உன் மேடம் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கும் போலிருக்கிறது. இதற்காக என்னோடு சண்டை போடாதே.

அந்தக் குழந்தை தாளை முழங்கையால் மூடிக்கொண்டது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு மூன்று தடவை படித்தேன். உன்னிடம் ஒன்று சொல்ல நினைத்தேன். இப்போது வேண்டாம், நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

வாண்டுவுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அந்தச் சந்து வழியாக விசில் அடிக்கப் பழகுகிறாள், கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள். இத்துடன் இரண்டு படங்கள். ஒன்று எங்கள் கடை, இன்னொன்று அவள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக நிற்பது. இரண்டாவது நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நீ என்ன நினைக்கிறாய் என்று விவரமாக எழுது.

இப்படிக்கு,
மாஸ்டர்

*

அக்டோபர் 4

அன்புள்ள மாஸ்டருக்கு,

நான் நலம். விழுந்த பல்லுக்கு என் விசாரிப்பைச் சொல்லவும், முளைக்கும் பல்லுக்கு வரவேற்பையும் சொல்லவும்.

விவரமாக எழுதச் சொன்னீர்கள். வரிசைப் படம் அருமை. ஒவ்வொரு பிள்ளைக்கும் சட்டை, காலர், பை, எதையும் விடவில்லை. போன வாரம் வகுப்பில் என் ஆய்வைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று படங்களையும் பலகையில் குத்திவைத்துப் பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள். மேடம் மட்டும், "ரொம்ப அளவா வரையுறா" என்றார். பாராட்டா இல்லையா என்று புரியவில்லை, பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இங்கே ஒரு பாடம் நடந்தது, உங்களுக்குப் பிடிக்கும். சின்னப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பதை வரைவதில்லையாம். தங்களுக்கு எது பெரிதோ அதைப் பெரிதாகப் போடுவார்களாம். பல்வலியில் இருந்த ஒரு பையன் வரைந்த மனிதனுக்கு முகம் முழுவதும் பல். புதுச் செருப்பு வாங்கிய பெண் தன் காலை வீட்டைவிடப் பெரிதாகப் போட்டிருக்கிறாள். "அளவு தப்புன்னு நீங்க நினைக்கிற இடத்துலதான் அந்தப் பிள்ளை உங்ககிட்ட பேசுது" என்றார் மேடம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். நம் வாண்டு மட்டும் எதையும் பெரிதாகவும் போடுவதில்லை, சிறிதாகவும் போடுவதில்லை. இதை எப்படி எழுதுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

யானை வகுப்பைத் திரும்ப எடுத்தேன். இந்த முறை தலைப்பு மழை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தேன். தேறிவிட்டேன், ஆனால் விரல் அரித்தது.

அவளை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பேர் மட்டும் போட்டு அனுப்பினாலும் போதும்.
உங்கள் டீச்சரம்மா

*

அக்டோபர் 20

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

இங்கு யாவரும் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தே சொல்கிறது, வரி மேலே மேலே ஏறுகிறது.

நீ பலகையில் குத்திவைத்ததைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதாவது, அப்பா என்கிற முறையில். இத்துடன் மூன்று படங்கள் வைத்திருக்கிறேன். பூங்கா, மாடி வீட்டம்மாவின் பூனை, நீயும் அவளும் கைகோத்து நிற்பது. பூனைக்கு முதுகு வளைவு சரியாக வர வெகுநேரமானது. நிறைய தாள் வீணாயிற்று. அவள்தான் விடாமல் உட்கார்ந்து போட்டாள்.

அவளை எழுதச் சொல்லி வற்புறுத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிறாள், நன்றாகச் சண்டை போடுகிறாள். போன வாரம் ஒரு பையனின் டிபன் டப்பாவை மரத்தில் ஏற்றிவிட்டாள். ஆரோக்கியமாகத்தான் இருக்கிறாள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மாஸ்டர்

*

நவம்பர் 22

மாஸ்டருக்கு,

வாண்டு எப்படி இருக்கிறாள்? இந்தத் தடவை உண்மையான பதில் வேண்டும்.

போன மாதக் கடிதத்துக்கு ஏன் இவ்வளவு நாள் பதில் போடவில்லை என்று கேட்பீர்கள். பயிற்சி வகுப்பில் பிள்ளைகளை "நம் வகுப்பு" என்று வரையச் சொன்னேன். தாள்களைப் பெட்டியில் அடுக்கும்போது வாண்டுவின் வரிசைப் படத்தையும் பக்கத்தில் வைத்தேன். இந்த வகுப்பில் ஒரு பிள்ளைகூடச் சட்டைக்குப் பட்டன் போட்டால் நடுவில் வரிசையாகப் பொட்டு வைப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. வாண்டுவின் வரிசைப் படத்தில் பையன்கள் எல்லோருக்கும் இடது பக்கம் மேலே மூடியிருக்கிறது. பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் வலது பக்கம் மேலே. ஒன்றுகூட மாறவில்லை. பாக்கெட் எல்லாம் இடது மார்பில். சட்டைக் கை தோளில் இறங்குகிற இடத்தில் வளைவு. ஏழு வயதுக்கு அந்த வளைவு தெரியாது மாஸ்டர். இருபது வருஷம் வெட்டுமேசையில் நின்றவருக்குத்தான் தெரியும்.

பிறகு எல்லாப் படங்களையும் எடுத்துப் பரப்பினேன். நடுங்குகிற கோடு, பிள்ளைக் கோடு மாதிரி தெரிய நீங்கள் இடது கையால் போட்ட கோடு. நான் எப்படி இவ்வளவு நாள் பார்க்கவில்லை என்றுதான் எனக்கு ஆத்திரம். பார்க்க விரும்பவில்லை போலிருக்கிறது.

என் ஆய்வு போனால் போகட்டும் என்று எழுத ஆசை. ஆனால் அது போனால் சான்றிதழ் போயிற்று, வேலையும் போயிற்று, அது உங்களுக்கே தெரியும். அதைவிட ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. பேச்சு வருவதற்கு முன்னால் கிறுக்க ஆரம்பித்தவள். அவள் வரைவதில்லை என்றால் எவ்வளவு நாளாக? ஏன்? நான் அவளை விட்டுவிட்டு வந்ததாலா? அப்படியென்றால் சொல்லுங்கள், பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

உடனே பதில் போடவும்.

*

நவம்பர் 28

அன்புள்ள உனக்கு,

வாண்டு நன்றாக இருக்கிறாள். இது உண்மையான பதில். காய்ச்சல் இல்லை, அழுகை இல்லை. ஆனால் வரைவதில்லை. நீ கிளம்பிய நாளிலிருந்து ஒரு கோடு போடவில்லை. கலர் பெட்டியை அலமாரி மேல் தூக்கி வைக்கச் சொல்லிவிட்டாள்.

நீ வந்துவிடுவாய் என்று பயந்துதான் நான் வரைந்தேன். ஒன்றே ஒன்று, அதற்குள் அவள் சரியாகிவிடுவாள் என்று முதல் படத்தைப் போட்டேன். நீ அதைக் கட்டிலுக்கு மேல் ஒட்டிவிட்டாய். அப்புறம் எப்படி நிறுத்துவது? பட்டன் விஷயத்தில் என் கையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தப்பான பக்கம் பட்டன் வைக்க அதற்கு வராது.

ஏன் என்று கேட்டாய். இதைச் சொல்லக்கூடாது என்று மாதக்கணக்காக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். நீ யானைக் காலைப் பற்றி எழுதியபோது பாதி சொல்லி விழுங்கினேன். நீ விட்டுவிட்டுப் போனதால் இல்லை. பஸ் படத்தால்.

நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். அவள் அதைக் கொண்டுவந்து நீட்டினாள். "கை எதுக்குடி இவ்வளவு நீளம்?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, அழித்து, ஜன்னலுக்கு அளவாக ஒரு கை போட்டாய். அழகான கைதான். அவளுக்கு முத்தம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாய், அவள் முகத்தை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்ததும் அந்தத் தாளைத் துணிக் குப்பையில் போட்டாள். ஏன் என்று கேட்டேன். "அது நான் போட்ட படம் இல்ல, அம்மா போட்டது" என்றாள். நல்லாத்தானே இருக்கு என்றேன். "நான் போட்ட கை நம்ம வீடு வரைக்கும் வந்துச்சுப்பா. அம்மா வெட்டிட்டாங்க. இனிமே எட்டாது" என்றாள்.

தாள் கிடைக்கவில்லை என்று சொன்னது பொய். குப்பையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். இத்துடன் அனுப்புகிறேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அழித்த கோடு தெரியும். ஜன்னலில் கிளம்பி, சாலையெல்லாம் தாண்டி, தாளின் மறு ஓரத்தில் இருக்கும் வீட்டு வாசல் வரை வருகிறது.

வந்துவிடாதே. நீ பாதியில் வந்தால் அதற்கும் தானே காரணம் என்று ஒருநாள் நினைப்பாள். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

இப்படிக்கு,
உன் மாஸ்டர்

*

டிசம்பர் 19

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

சுகமா? பதிலில்லை. பஸ் வரும் நேரமெல்லாம் கடை வாசலைப் பார்க்கிறேன், இறங்கிவிடுவாயோ என்று. இறங்காத நாளெல்லாம் நிம்மதியாகவும் இருக்கிறது, கவலையாகவும் இருக்கிறது. ஒரு வரி போடு. வாண்டுவும் தபால் வந்ததா என்று கேட்டாள். தானாகக் கேட்டது இதுதான் முதல் தடவை.

மாஸ்டர்

*

ஜனவரி 7

அன்புள்ள மாஸ்டருக்கு,

நான் நலம் என்று இப்போதுதான் எழுத முடிகிறது. உங்கள் இருவரையும் கவலைப்பட வைத்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களைத் திட்ட வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். வரவில்லை. அந்தத் தாளை ஜன்னலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்த பிறகு யாரையும் திட்ட வரவில்லை. பிள்ளைகள் எதைப் பெரிதாகப் போடுவார்கள் என்று அழகாக எழுதி உங்களுக்கே பாடம் நடத்தினேனே, அப்போதுகூட எனக்கு அந்தக் கை ஞாபகம் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது. கல்லாக இருந்து பஸ் ஏறியதாக எழுதியிருந்தேன். அவள் எனக்கு வீடு வரை கை போட்டுக் கொடுத்து வழியனுப்ப வந்திருக்கிறாள், நான் அதைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

எல்லாப் படங்களையும் மேடம் மேசையில் வைத்து உண்மையைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"உங்க வீட்டுக்காரர் தையல்காரரா?"

"எப்பத் தெரியும் மேடம்?"

"அந்த வரிசைப் படத்துல. நீங்களே பாக்கட்டும்னு இருந்தேன்."

ஆய்வுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். வேறு பிள்ளையை எடுத்தால் ஒரு வருஷம் பிந்தும். "பிள்ளை எப்படி வரையுதுன்னு எழுதுறதுதான் வழக்கம். ஏன் வரையலன்னும் எழுதலாம். வெளியிலிருந்து வர்ற அதிகாரி என்ன மார்க் போடுவார்னு என்னால சொல்ல முடியாது" என்றார். அறைத்தோழிகள் வேறு யோசனை சொன்னார்கள்: "அக்கா, மாஸ்டர் படத்தையே வச்சிடுங்க, யாருக்குத் தெரியப்போகுது?" கொஞ்ச நேரம் யோசித்தேன் என்பதை உங்களிடம் மறைக்கவில்லை. பிறகு பஸ் படத்தை முதல் பக்கத்தில் ஒட்டினேன். அதற்கப்புறம் எல்லாம் வெறும் பக்கம். அதைத்தான் எழுதப்போகிறேன்.

இத்துடன் ஒரு பெரிய தாள் இருக்கிறது. நான் என்னையே வரைந்தது, பென்சில் படம். ஓவியத் தேர்வுக்கு வைக்கலாம் என்று மேடம் சொன்ன ஒரே படம் இதுதான். உள்ளே இருக்கும் சின்னக் காகிதத்தை வாண்டுவிடம் கொடுங்கள். அதில் எழுதியிருப்பது இதுதான், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்:

"வாண்டுக்குட்டி, உன் படத்தில் அம்மா ரப்பர் போட்டது தப்பு. கேட்காமல் போட்டது அதைவிடத் தப்பு. இது அம்மா போட்ட படம். இதில் எது சரியில்லையோ அதை நீ திருத்து. எதால் வேண்டுமானாலும் திருத்தலாம், என்னைக் கேட்க வேண்டாம். திருத்தப் பிடிக்காவிட்டால் அப்படியே வைத்துக்கொள். திருப்பி அனுப்ப வேண்டியதில்லை."

நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். ஆய்வைப் பற்றி அவளிடம் மூச்சுவிடாதீர்கள். பக்கத்தில்கூட நிற்க வேண்டாம்.

உங்கள்,
டீச்சரம்மா

*

பிப்ரவரி 18

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

இங்கு சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். நீ சொன்னபடி நான் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் நிற்கவில்லை. மேசைக்கு மேலே நின்றேன், அவள் கீழே இருந்தாள்.

உன் காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். படத்தைச் சுருட்டி மெஷினுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். நாள்கள் போயின. நான் வாயைத் திறக்கவில்லை என்பதை நம்பு, அதற்கு எவ்வளவு பாடுபட்டேன் என்பதையும் நம்பு. போன வாரம் ஒருநாள், கலர் பெட்டியை இறக்கித் தரச் சொன்னாள். அப்புறம் பசை கேட்டாள். அப்புறம் நான் பாட்டர்ன் வெட்டும் காக்கித் தாள் கேட்டாள். கொடுத்தேன். இன்னும் கேட்டாள். இன்னும் கொடுத்தேன். ஒரு வாடிக்கையாளர் பேன்ட் நிஜமாகவே அந்தத் தாளால்தான் தாமதமானது.

முடித்ததும் மேலே எட்டிப் பார்த்து, "அம்மாவுக்கு அனுப்பு. மடிக்காத, சுருட்டு" என்றாள். அதனால்தான் இவ்வளவு தடிமன். உள்ளே என்ன என்று நான் எழுதமாட்டேன், கெட்டுப்போகும். பிரிக்கும்போது இடம் பார்த்துப் பிரி.

இப்படிக்கு,
மாஸ்டர்

*

ஏப்ரல் 26

அன்புள்ள மாஸ்டருக்கும் வாண்டுவுக்கும்,

நலம், நலம், நலம். உங்கள் இருவர் நலத்தையும் இனி நேரிலேயே விசாரித்துக்கொள்கிறேன்.

சுருளை அறையில் பிரிக்க முடியவில்லை, வராந்தாவுக்கு எடுத்துப்போனேன். என் படம் அப்படியே இருந்தது, முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மடியில் மடித்து வைத்திருந்தேனே, அந்த வலது கையை மட்டும் சிவப்புக் கிரேயானால் அடித்துவிட்டு, தோளிலிருந்து புதிதாக ஒன்று போட்டிருக்கிறாள். அது தாளின் ஓரத்தில் நிற்கவில்லை. ஒட்டிய காக்கித் தாளில் போகிறது, அடுத்ததில் போகிறது, அதற்கும் அடுத்ததில் போகிறது. வழியில் ஒரு பஸ், ஒரு பூனை, மரத்தில் தொங்கும் டிபன் டப்பா, எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கை. கடைசித் தாளில் ஒரு வெட்டுமேசை. அதற்கு அடியில் ஒரு தலை. கை அந்தத் தலைமேல் வந்து நிற்கிறது. ஐந்து விரலுக்குப் பதிலாக ஏழு போட்டிருக்கிறாள். எண்ணிப் பார்த்து, அப்படியே விட்டுவிட்டேன்.

வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன். வார்டன் அம்மா வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினார். ஒன்றும் ஆகவில்லை, கை வந்து சேர்ந்துவிட்டது என்றேன். அவர் அன்று முழுவதும் என்னைத் தனியாக விடவில்லை.

ஓவியத் தேர்வுக்கு வேறு ஒரு சுமாரான படத்தை வைத்தேன். பரீட்சை அதிகாரி ஆய்வுப் புத்தகத்தைப் புரட்டி, "மொத்தமே ரெண்டு படம்தானா?" என்றார். ஆமாம் என்றேன். "நடுவுல?" நடுவில் என் வீட்டுக்காரர் வரைந்தார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சுருளைப் பிரிக்கச் சொன்னார், மேசை போதவில்லை, மேடம் எழுந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நின்று வெகுநேரம் பார்த்தார்கள்.

நேற்று முடிவு வந்தது. பாஸ். இரண்டாம் வகுப்புதான், ஆய்வில் மார்க்கைக் குறைத்துவிட்டார். தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டாம் வகுப்பு போதும், விசாரித்துவிட்டேன். மேடம் ரப்பர் டப்பாவைத் திருப்பி நீட்டினார். என்னுடையது இரண்டும் அதில் இருந்தன. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் பூனைப் படத்தை மேடம் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டார். முதுகு வளைவு நன்றாக இருக்கிறதாம், வலது கையாலும் போட்டுப் பார்க்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் வருகிறேன். கையை வெளியே நீட்டக்கூடாது என்று ஜன்னலுக்கு மேலே எழுதியிருப்பார்கள். வழியெல்லாம் ஒழுங்காக உள்ளேதான் வைத்துக்கொண்டு வருவேன். பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி நின்றதும் நீட்டுவேன். வாண்டுவை முன்னால் நிறுத்துங்கள். அவள் போட்ட அளவுக்கு என் கை வராது. மிச்சத்துக்கு அவளைக் கொஞ்சம் எட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் இருவருடைய,
டீச்சரம்மா